வாக்கியமும் திருக்கணிதமும்

யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களிற் சித்திரை பிறக்குமுன் பஞ்சாங்கம் வாங்கி வைத்தல் நெடுங்கால வழக்கம். வாங்குவோருட் சிலர் வாக்கிய பஞ்சாங்கத்தையும், வேறு சிலர் திருக்கணித பஞ்சாங்கத்தையும் கைக்கொள்வர். இரண்டும் ஒரே சூரியனையும் ஒரே சந்திரனையும் பற்றியே பேசுகின்றன. ஆயினும் புத்தாண்டு பிறக்கும் நாழிகை ஒன்றில் ஒருவாறாகவும் மற்றதிற் பிறிதொருவாறாகவும் காணப்படும். சில ஆண்டுகளில் ஒரே விரதம் இரண்டு நாட்களில் வந்து நிற்கும். தந்தையின் சிராத்தத்தை இன்று செய்வதா நாளை செய்வதா என்று மைந்தன் மயங்கும் நிலையும் உண்டாகும். இம்மயக்கத்தைத் தீர்க்கப் புகுவோரில் ஒரு சாரார், வாக்கியம் முன்னோர் வகுத்தது, அதனை மாற்றுதல் தகாது என்பர். மறுசாரார், வானத்தோடு ஒவ்வாத கணிதம் கணிதமாகாது என்பர். இவ்வழக்கு மரபுக்கும் விஞ்ஞானத்துக்குமிடையே நிகழும் வழக்குப்போலத் தோற்றும். ஆனால் வாக்கிய முறை எங்ஙனம் தோன்றியது, அதனை ஆண்ட கணிதர் அதனை எவ்வாறு நோக்கினர் என்பவற்றை வரலாற்றுவழி ஆராய்வோர்க்கு, வழக்கின் உருவமே வேறு என்பது புலப்படும்.

பஞ்சாங்கம் என்பது ஐந்து அங்கங்களையுடையது எனப் பொருள்படும். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்பன அவை. இவற்றுள் வாரம் ஒன்றே சந்திரனை வேண்டாதது. ஏனைய நான்கும் சந்திரன் நிற்கும் பாகையை அறிந்தாலன்றிக் கணிக்கப்படா. அமாவாசையிற் சூரியனும் சந்திரனும் ஒரே பாகையிற் கூடி நிற்கும். பின்னர்ச் சந்திரன் விரைந்து முன்செல்ல, இரண்டற்குமிடையே பன்னிரண்டு பாகை விலகும் ஒவ்வொரு காலமும் ஒரு திதியாம். முப்பது திதி கழிந்தால் மீண்டும் அமாவாசை முடியும். திதியிற் பாதி கரணம். பவம் முதலிய ஏழு கரணங்கள் எட்டு முறை சுழன்றுவர, எஞ்சிய நான்கும் அமாவாசையையொட்டி ஒவ்வொரு முறையே வரும். அவ்வேழனுள் ஒன்றாகிய விஷ்டியையே பத்திரை என்று சொல்லி நற்கருமங்களுக்கு விலக்குவர். இராசிவட்டத்தை இருபத்தேழு கூறாக்கினால் ஒவ்வொரு கூறும் 13 பாகை 20 கலையாகும். சந்திரன் நிற்குங் கூறே அன்றைய நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதமாக 108 பாதமும், ஒன்பது பாதம் ஓரிராசியாகப் பன்னிரண்டு இராசியும் அமைதல் சோதிடம் பயில்வார் முதலிற் கற்கும் பாடமாகும். யோகமோ சூரியன் பாகையையும் சந்திரன் பாகையையுங் கூட்டி, அத்தொகையை அவ்வாறே இருபத்தேழாகப் பகுத்துப் பெறுவது. திதியையும் நட்சத்திரத்தையும் இரவில் முற்றத்தில் நின்று பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். யோகத்தை அங்ஙனம் கண்ணாற் காண எவராலும் இயலாது. அது முழுதும் கணிதத்திற் பிறந்த குழந்தை.

இவ்வைந்தும் ஒரு காலத்திற் பிறந்தனவுமல்ல. மிகப் பழைய நூலாகிய வேதாங்க சோதிடத்திலே திதியும் நட்சத்திரமும் உள்ளன, கிழமையில்லை, இராசியில்லை. ஐந்தாண்டை ஒரு யுகமாகக் கொண்டு, அதற்கு 1830 நாளும் 62 சந்திர மாதமும் வகுத்த அந்நூல், சந்திரன் நாடோறும் ஒரே வேகத்திற் செல்வதாகவே கணிக்கின்றது. ஏழு கிழமையும் பன்னிரண்டு இராசியும் யவனர் தொடர்பினால் வந்து சேர்ந்தன என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் துணிபு. இந்தியக் கல்வெட்டுக்களிலே கிழமை குறிக்கப்பட்ட மிகப் பழையதாகக் கொள்ளப்படுவது எரண் என்னுமூரிலுள்ள புதகுப்தன் காலத்துத் தூண் கல்வெட்டாகும். அதிற் குறிக்கப்பட்ட ஆடித் துவாதசி வியாழக்கிழமை கி.பி. 484 ஆம் ஆண்டு யூன் மாதம் 21 ஆந் தேதி எனக் கணித்துள்ளனர். கி.பி. 499 ஐத் தம் நூலிற் குறிக்கும் ஆரியபடர் காலத்திலேயே சந்திரனின் வேகம் கூடிக் குறைவதை அளந்து கணிக்கும் முறை நன்கு நிலைபெற்றுவிட்டது. ஆகவே, பஞ்சாங்கம் என்று இன்று நாம் கையிலெடுக்கும் நூல் பல நூற்றாண்டுகள் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்த ஒன்றாகும்.

தமிழர் மாதம் சூரியனுக்குரியது. விழாக்களிற் பெரும்பாலன சந்திரனுக்குரியன. தைப்பூசம், மாசிமகம், பங்குனியுத்தரம், வைகாசி விசாகம் என்னும் பெயர்களே இவ்விணைப்பைக் காட்டும். முன்சொல் சூரியன் நிற்கும் இராசியையும் பின்சொல் சந்திரன் நிற்கும் நட்சத்திரத்தையும் உணர்த்தும். பன்னிரண்டு சந்திர மாதம் ஏறத்தாழ 354 நாளே ஆதலின், ஆண்டுதோறும் பதினொரு நாள் பின்தங்கும். அதனை ஈடுசெய்யவே பத்தொன்பது ஆண்டிற்கு ஏழாக அதிகமாதங்கள் நேர்கின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருவிழா ஆடியமாவாசைக்கு ஆறாம் நாளிற் கொடியேறி, இருபத்தைந்தாம் நாளாகிய ஆவணி அமாவாசையிலே தீர்த்தத்தைக் காணும். ஓரமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடைப்பட்ட இருபத்தொன்பதரை நாளுக்குள் அவ்விழா எத்துணைச் செம்மையாகப் பொருந்தி நிற்கின்றது என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆங்கில நாட்காட்டியில் அவ்விழா ஆண்டுதோறும் இடம்பெயர்வதும் இதனாலேயே.

இனி வாக்கிய முறைக்கு வருவோம். சந்திரன் ஒரு நாளிற் சில வேளை பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாகவும், சில வேளை பதினைந்து பாகைக்குச் சற்று மேலாகவும் செல்லும். மெதுவாய்ச் செல்லும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய 27 நாளும் ஏறத்தாழ 13 மணியும் ஆகும். இவ்வாறு ஒன்பது சுற்று நிறைவுற 248 நாள் செல்லும். வேறுபாடு ஒரு நாளின் நூறிலொரு பங்குதானும் இல்லை. எனவே 248 நாளுக்குச் சந்திரன் நிற்கும் பாகையை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், அப்பட்டியலே மீளமீளப் பயன்படும். நம் முன்னோர் அப்பட்டியலை எண்ணால் எழுதிவையாது, ஒவ்வோரெண்ணையும் ஒரு சொற்றொடராக்கி மனனஞ் செய்தனர். அச்சொற்றொடரே வாக்கியம். வரருசி என்பார் இவற்றை இயற்றினார் என்பது மரபு.

சொல்லை எண்ணாக்கும் முறை கடபயாதி எனப்படும். க, ட, ப, ய என்னும் நான்கெழுத்தும் ஒன்றைக் குறிக்க, அவற்றையடுத்த எழுத்துக்கள் முறையே இரண்டு, மூன்று என மேற்செல்லும். சொல்லின் முதலெழுத்து ஒன்றாமிடம், அடுத்தது பத்தாமிடம் எனக் கொள்க. கணிதர் 248 ஐத் தேவரம் என்பர். தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. அவ்வாறே 3031 நாளுக்குக் கலாநிலம் என்று பெயர். அது சந்திரனின் வேகச்சுற்று 110 கொண்டது. வடமொழியின் நால்வகைத் தகரமும் தமிழெழுத்தில் ஒன்றேயாதலின் இம்முறை தமிழெழுத்துக்கு இணங்காது. அதனாலேயே நம் நாட்டுப் பழைய சோதிடர் கிரந்த எழுத்தைக் கற்றாக வேண்டியிருந்தது.

கணிக்கும் வழி வருமாறு. கலியுகம் தொடங்கிய கி.மு. 3102 ஆம் ஆண்டிலிருந்து வேண்டிய நாள்வரை சென்ற நாட்டொகையை எடுத்து, அதிலிருந்து 1600984 ஐக் கழிப்பர். எஞ்சியதை 12372 ஆலும், அதன் மிச்சத்தை 3031 ஆலும், அதன் மிச்சத்தை 248 ஆலும் வகுப்பர். கடைசியாய் எஞ்சும் எண் எத்தனையோ அத்தனையாம் வாக்கியத்தை எடுத்து, முன் வகுத்த ஒவ்வொரு தொகைக்கும் உரிய பாகைகளைக் கூட்டினால் அன்றைய சந்திரன் கிடைக்கும். பெருக்கலும் அட்டவணை புரட்டலும் வேண்டா; சோழிகளைத் தரையிற் பரப்பி முடித்துவிடலாம். முதலிற் கழிக்கும் 1600984 நாள் கி.பி. 1282 இல் முடிகின்றது. இம்முறையை விளக்கும் வாக்கியகரணம் என்னும் நூல் அதனையடுத்துத் தமிழ்நாட்டிற் காஞ்சிபுரத்தைச் சார்ந்த பகுதியிலே தோன்றியிருக்கலாம் என்று கருதுவதற்கு இவ்வெண்ணும் ஒரு காரணம். ஆசிரியர் பெயர் கிடைத்திலது. நூல் 1962 இலே சென்னையிற் பதிப்பிக்கப்பெற்றது.

மேனாட்டார் இருவர் இம்முறையைக் கண்ணெதிரே கண்டு எழுதிவைத்துள்ளனர். பிரான்சு தேசத்து வானசாத்திரியாகிய லெ ஜான்தி, வெள்ளி சூரியவிம்பத்தைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர். 1761 இல் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றியிருந்தமையாற் கரையிறங்க முடியவில்லை. எட்டாண்டு காத்திருந்து 1769 யூன் மாதத்திற் புதுச்சேரியிலே கருவிகளோடு நின்றபொழுது மேகம் மறைத்துவிட்டது. பாவம், இவர்போல் ஏமாற்றமுற்ற வானசாத்திரி வரலாற்றில் மிகச் சிலரே. ஆயினும் அங்கே தங்கிய காலம் வீண்போகவில்லை. தமிழ்க் கணிதர் ஒருவரிடம் நம் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 இல் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைத் தமிழ் முறையிற் கணித்து ஒப்புநோக்கியபோது, கிரகணம் நீடித்த காலத்தில் 41 செக்கன் மட்டுமே குறைந்திருந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் மிகச் சிறந்தனவாய்ப் போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைகளோ 68 செக்கன் மிகையாய்க் காட்டின.

இந்நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கூறி மார்தட்டுவோர் நம்மிடையே உளர். இரண்டாஞ் சாட்சியையும் அவர்கள் கேட்டல் வேண்டும். 1825 இற் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்ட ஜோன் வாரன், புதுச்சேரியிலே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைக் கொண்டு, மனத்திலுள்ள வாக்கியங்களையே துணையாகக் கொண்டு, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்ததைக் கண்டார். தொடக்கத்திற் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அக்கணிதர் தாம் கையாளும் எண்களின் காரணத்தைச் சிறிதும் அறியாதவராயிருந்தார் என்றும் வாரன் குறிக்கின்றார். 1952 இல் இதனை ஆராய்ந்த ஒட்டோ நொய்கெபவர் என்னும் வரலாற்றறிஞர், பிழையின் அளவைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 248 நாட் சுற்று பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் கிரேக்கப் பப்பைரசுச் சுவடிகளிலும் காணப்படுவதை எடுத்துக்காட்டி, அத்துணைப் பழைய முறையொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் உயிரோடு வழங்கியதையே வியந்தார். என்னைப் பொறுத்தவரை, காரணம் மறந்தும் எண் மறவாத அக்கணிதரின் நிலை வியப்புக்கும் உரியது, இரங்குதற்கும் உரியது.

கிரகணத்தை இத்துணை நெருங்கிச் சொல்லும் முறை திதியிலே ஏன் தவறுகின்றது? இவ்வினாவுக்கு விடை தெரிந்தால் வாக்கிய, திருக்கணித வழக்கிற் பாதி தெளிந்துவிடும். சந்திரனின் வேக வேறுபாட்டுக்கு நம் சித்தாந்தங்கள் கொண்ட திருத்தம் உச்ச அளவில் ஏறக்குறைய ஐந்து பாகை. உண்மையில் அத்திருத்தம் ஆறு பாகைக்கு மேற்பட்டது. அதனோடு, சூரியனின் ஈர்ப்பினால் நேரும் வேறொரு திருத்தம் ஒன்றேகால் பாகையளவினதாய் உள்ளது. அமாவாசையிலும் பூரணையிலும் பின்னது முன்னதைக் குறைக்கும். குறைந்து நிற்பது ஐந்து பாகையே. கிரகணம் அவ்விரு நாட்களிலன்றி நிகழாது. நம் முன்னோர் கிரகணங்களைப் பார்த்தே தம் எண்களைச் சரிபார்த்தனர்; ஆதலின் அந்நாட்களுக்குப் பொருந்தும் எண்ணே அவர்களுக்குக் கிடைத்தது. அட்டமியை ஒட்டிய நாட்களிலோ பின்னது முன்னதைக் கூட்டும். அப்பொழுது உண்மை ஏழரைப் பாகை; வாக்கியம் சொல்வது ஐந்து. எஞ்சும் இரண்டரைப் பாகையால் திதி ஏறத்தாழப் பன்னிரண்டு நாழிகை, அஃதாவது ஐந்து மணிநேரம்வரை, முன்பின்னாகும். திதி 65 நாழிகைக்கு மேல் வளராது, 54 நாழிகைக்குக் கீழ் தேயாது என்னும் பழைய வரம்பும் இவ்வைந்து பாகைக் கணக்கிலிருந்து வந்ததே. வானத்திலே திதி 50 நாழிகையளவாகச் சுருங்குவதும் 67 நாழிகையளவாக நீளுவதும் உண்டு.

சோதிடத்திலும் இவ்வேறுபாடு சிறிதன்று. பரணி, பூரம், பூராடம் ஆகியவற்றிற் பிறந்தோர்க்கு முதலில் வருவது இருபதாண்டுச் சுக்கிர திசை. அதன் இருப்பு, பிறந்தபொழுது சந்திரன் அந்நட்சத்திரத்திற் கடந்த பாகையைக் கொண்டு அறியப்படும். 13 பாகை 20 கலைக்கு இருபதாண்டானால் இரண்டரைப் பாகைக்கு மூன்றேமுக்கால் ஆண்டு. நட்சத்திரத்தின் எல்லையிற் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நட்சத்திரமே மாறிவிடும். பின்னாளில் விவாகப் பொருத்தமும் அதனோடு மாறும். பலன் உண்மையோ என்பது வேறு வினா. அதனுள் யான் புகவில்லை. பலனை நம்புவோர்க்கேனும் சந்திரன் எங்கு நின்றது என்பது பொருளற்ற வினாவாதல் இயலாது.

இனி, முன்னோர் மாற்றாது காத்தனர் என்னும் கூற்றை நோக்குவோம். கி.பி. 683 இல் அரிதத்தர் கேரள நாட்டிலே பரகிதம் என்னும் கணிதத்தை ஏற்படுத்தியது, ஆரியபடர் எண்கள் வானத்தோடு முரணத் தொடங்கியமையாலேயே. பத்தாம் நூற்றாண்டிலே முஞ்சாலர், மேலே சொன்ன சூரிய ஈர்ப்புத் திருத்தத்துக்கு ஒத்த ஒன்றைச் சந்திரனுக்குச் சேர்த்துக் கூறினார். அது பரவாது போனமை நம் குறையேயன்றி அவர் குறையன்று. பதினான்காம் நூற்றாண்டிற் பிறந்த மாதவர், வரருசியின் 248 வாக்கியங்களையும் புதிதாய் இயற்றி, கலையோடு நில்லாது விகலைவரை நுணுக்கினார். அவர் வழிவந்த பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களை நோக்கிக் குறித்து, 1431 இலே திருக்கணிதம் என்னும் பெயராலேயே ஒரு நூல் செய்தார். திருக் என்றால் காட்சி. கண்ணாற் கண்டதோடு ஒக்கும் கணிதம் என்பதே அப்பெயரின் பொருள். திருக்கணிதம் வெள்ளைக்காரர் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இவ்வாண்டை நினைவிற் கொள்க.

அம்மரபில் வந்த நீலகண்ட சோமயாசி, சித்தாந்த எண்கள் தெய்வ வாக்கு, அவற்றைத் தொடுதல் கூடாது என்ற கருத்தைச் சோதிர்மீமாஞ்சை என்னும் நூலில் நேரே மறுத்துரைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் நோக்கித் திருத்தி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தலே சாத்திரம் என்பது அவர் கொள்கை. வாக்கியகரணத்துக்கு உரைகண்ட தமிழ்நாட்டுச் சுந்தரராசர் தம் ஐயங்களை இந்நீலகண்டரிடமே வினாவி விடைபெற்றார் என்பது நம் வழக்குக்கு மிகவும் வேண்டப்படும் செய்தி. வாக்கிய மரபின் உரையாசிரியரே திருக்கணித மரபின் ஆசானிடம் கற்றிருக்கின்றார்.

பிற்காலத்திலும் இவ்வோட்டம் நின்றிலது. ஒரிசாவிலே சந்திரசேகர சாமந்தர், மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்த கருவிகளைக்கொண்டு வெறுங்கண்ணால் நோக்கி, சந்திரனுக்கு வேண்டிய மூன்று திருத்தங்களையும் தாமாகவே கண்டறிந்தார். அவரது சித்தாந்த தர்ப்பணம் 1899 இல் அச்சேறியது. பூரி செகநாதர் கோயில் வழிபாட்டுக் காலங்களுக்கும் அக்கணிதம் மேற்கொள்ளப்பட்டது. கோயிலுக்கு ஆகாது என்று அங்கு எவரும் அதனைத் தள்ளிவிடவில்லை. சென்னை வானாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். வைதிகக் குடியிற் பிறந்த அவரே திருக்கணித பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் வெளியிட்டு அதற்காக வாதாடினார். இந்திய அரசு மேகநாத சாகாவின் தலைமையில் அமைத்த குழுவின் அறிக்கை 1955 இல் வெளிவர, 1957 மார்ச்சு 22 முதல் தேசிய நாட்காட்டியும் நடைமுறைக்கு வந்தது. அலுவலகங்கள் அதனை ஏற்றன. அடுக்களைச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் அசையவில்லை.

ஈழத்தில் சோதிடக் கல்வி அரசர் ஆதரவோடு வளர்ந்தது. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் செகராசசேகரமாலை அதற்குச் சான்று. அராலி இராமலிங்க முனிவர் 1667 இல் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கணித்து வழங்கினார் என்பது யாழ்ப்பாணத்து மரபு. ஒல்லாந்தர் கோயில்களை அடைத்திருந்த அக்காலத்திலே, விரத நாட்களையும் சிராத்த திதிகளையும் வீட்டினுள்ளே மறவாது வைத்திருக்க அவ்வேட்டுப் பஞ்சாங்கம் எத்துணை உதவியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். நம்மவர் வாக்கியத்தின்மேற் கொண்ட பற்று வெறும் பிடிவாதமன்று என்பதற்கு அதுவே போதிய காரணம்.

விரதமும் சிராத்தமும் வானத்துத் திதியையே வேண்டுவன ஆதலின் திருக்கணிதமே கொள்ளத்தக்கது என்பது எனது கருத்து. எனினும் வாக்கியத்தை வரலாற்றாசிரியன் ஒருபோதும் கைவிட இயலாது. சோழர் கல்வெட்டுக்களிலே அரசன் ஆட்சியாண்டோடு திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியன குறிக்கப்பட்டிருப்பதாலேயே கீல்கோர்ன் போன்றோர் அவற்றுக்கு நாள் வரையறுத்தனர். முதலாம் இராசராசன் கி.பி. 985 யூன் 25 க்கும் யூலை 25 க்கும் இடையில் ஆட்சி எய்தினான் என்று நாம் இன்று சொல்வது அவ்வாறு பெற்ற முடிபே. இங்கே இன்றைய நுண்கணிதத்தைப் பயன்படுத்தினால் நல்ல கல்வெட்டும் பொய்க் கல்வெட்டாய்த் தோன்றிவிடும். ஏனெனிற் கல்லிற் பொறிக்கப்பட்ட திதி, அன்று அவ்வூர்க் கணிதர் பழைய எண்களால் வருவித்துச் சொன்ன திதியாகும். திவான் பகதூர் சுவாமிக்கண்ணுப்பிள்ளை இதனை நன்கறிந்திருந்தார். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் காட்டி 1922 இல் அவர் வெளியிட்ட பெருநூல், திருக்கணிதத்தை விடுத்துப் பழைய சித்தாந்த எண்களைக் கொண்டே கணிக்கப்பட்டது.